மனைப்பங்கும் விலையும் கொடையும்

ஒரு குடியிற் பிறந்து ஒரு முன்னோர்க்கு உரியராய் வருந் தாயத்தாரைப் பங்காளிகள் என்று வழங்குதல் தமிழ்மக்கள் யாவரும் அறிந்தது. அன்பினாற் பெயர் பெறவேண்டிய உறவு பங்கினாற் பெயர் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. ஒரு தாய் மடியில் வளர்ந்தவராயினும், தந்தை மறைந்தபின் உடன்பிறந்தாரிடை எஞ்சி நிற்பது ஒரு மனை. அம்மனையில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. அப்பங்கினை ஒருவன் விற்க நேர்ந்தால் வாங்க முன்வருவானும் பெரும்பாலும் உடன்பிறந்தானே. அப்பொழுது கேட்கத்தக்க விலை யாது, உறவின்பொருட்டு விலையைக் குறைத்தல் அறமோ, குறைக்க மறுத்தல் பாவமோ என்னும் ஐயங்கள் எழுகின்றன. இவ்வையங்கள் தெளியாமையால் நன்மை தீமைகளிற் கலவாது பிரிந்துபோன குடும்பங்கள் பல. திருநீறும் கண்டிகையும் தரித்து ஒரே சந்நிதியில் நிற்கும் உடன்பிறந்தார் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்காது செல்லுதலையும் திருக்கோயில்களிற் காண்கின்றோமாதலின், இதனைச் சித்தாந்த நெறி நின்று ஆராய்தல் பயனில் முயற்சி ஆகாது.

மனைப்பங்கின் இயல்பை முதற்கண் உணர்தல் வேண்டும். வயலை அளந்து வரப்பெடுத்துவிட்டால் இது உனது, அது எனது என்று கைநீட்டிக் காட்டலாம். பாகப்பிரிவினை நிகழாத மனையிலோ, மூன்றிலொரு பங்குடையானுக்கு இன்ன அறை என்று வரையறை இல்லை. ஒவ்வொரு செங்கல்லிலும் கிணற்று நீரிலும் முற்றத்து வெயிலிலும் அவன் மூன்றிலொரு கூறு உடையன். அவனுக்கு உரிமையில்லாத மூலை ஒன்றும் அம்மனையில் இல்லை. அவனுக்கே உரியது என்று சுட்டத்தக்க மூலையும் ஒன்றில்லை. பழத்தின்கட் சுவைபோல என்று உவமை கூறத் தோன்றும். ஆயினும் எங்குமாய் நிற்கும் இறைவனுக்கு உரிய உவமையை மண்சுவருக்கு ஏற்றுதல் மிகையாதலின் அஃது ஒழிக.

செட்டிநாட்டில் நகரத்தார் எழுப்பிய பெருமனைகளில் இவ்வியல்பு கண்கூடு. முகப்பும் வளவும் இரண்டாங்கட்டும் எல்லார்க்கும் பொது. வளவைச் சூழ்ந்த அறைகள் மணமான மைந்தர்க்கு ஒதுக்கப்படும். மணம் முடிந்தபின் மகனை ‘வேறு வைத்தல்’ என்னும் வழக்கினால் தனியடுப்பும் தனிக்கணக்கும் அவனுக்கு உண்டு. ஒரு கூரையின்கீழ் அடுப்புப் பல எரிந்தும் மனை ஒன்றாகவே நிற்கும் இவ்வேற்பாடு பெரிதும் பாராட்டத்தக்கதே. எனினும் மூன்று தலைமுறை கழிந்தபின் பங்கினர் தொகை பெருகிவிடுகின்றது. ஒருவர் சென்னையிலும் ஒருவர் கடல் கடந்தும் வாழ, ஓடு மாற்றும் பொறுப்பை ஏற்பார் இலராகின்றனர். அங்ஙனம் பாழ்பட்ட மனைகளுட் சில பிரிக்கப்பட்டு, அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிக் கடைகளில் விலைப்பட்டதும் உண்டு. சிதறிய பங்குகள் உரிய காலத்தில் ஒரு கையிற் சேர்ந்திருப்பின் அவற்றுட் சில மனைகளேனும் நின்றிருக்கும். ஆதலின் பங்கை உறவினனுக்கு விற்றல் தன்னளவிற் குடியைக் கெடுப்பதன்று; சிலவிடத்து அதுவே குடியைக் காப்பதாம். முன்னோர் மனையை விற்றான் என்று பங்கு விற்றவனைப் பழித்தல் ஆராயாதார் செயல்.

இனி, ஞானநெறி நிற்பார்க்கு இவ்விலைப்பேச்சு வேண்டுமோ என்பர் ஒரு சாரார். சிவபெருமான் உடையான், உயிர்கள் அவனுக்கு உடைமை. தனு கரண புவன போகங்கள் யாவும் அவனால் மாயையினின்றும் ஆக்கி உயிர்கட்கு உபகரிக்கப்பட்டன. உடைமையாகிய உயிர் பிறிதோர் உடைமையை எனதென்று பற்றி அதற்கு விலையும் கேட்டல் ஆணவத்தின் காரியமன்றோ என்பது அவர் கூற்று. கூற்று அழகியதே. ஆனால் இவ்வேதாந்தத்தைப் பெரும்பாலும் எடுத்துப் பேசுவோன் பங்கை விற்க வந்தவன் அல்லன், வாங்க வந்தவனே என்பதை உலகியல் அறிந்தார் அறிவர்.

எனதன்று என்னும் உணர்வு ஒருவன் தன் பொருளின்மேற் செலுத்தற்கு உரியதேயன்றிப் பிறன் பொருளின்மேற் செலுத்தற்கு உரியதன்று. ‘இது எனதன்று’ என்பான் பற்று நீங்குகின்றான். ‘அது உனதன்று’ என்பான் பற்று மிகுகின்றான். இரண்டும் ஒரே சொற்போல் ஒலித்தல்பற்றி மயங்குதல் கூடாது. அன்றியும், உலகம் பொய்த்தோற்றம் என்னும் மாயாவாதிகட்கு மனையும் பங்கும் விலையும் பொய்யாதல் ஒருகால் இசையலாம். மாயையை உள்பொருளெனவும் அதன் காரியமாகிய உலகை உயிர்கள் மலம் நீங்குதற்பொருட்டு இறைவன் அமைத்த கருவியெனவும் கொள்ளுஞ் சித்தாந்திக்கு அது சிறிதும் இசையாது. கருவி மெய்யாயின் அதன்கண் நிகழும் கொடுக்கல் வாங்கலும் மெய். அதன்கட் செய்யும் வஞ்சமும் மெய்யான வினையாய்ச் செய்தானைத் தொடரும். இருவினையொப்பு என்று நூல்கள் கூறுவது, இன்பத்தில் மகிழ்ச்சியும் துன்பத்தில் வெறுப்பும் ஒத்து நிற்கும் உயிரின் நிலையை. நேரிய விலையும் நேரல்லா விலையும் ஒன்றே என்னுங் கணக்குப் பிழை அதனுள் அடங்காது.

திருத்தொண்டர் வரலாற்றிலும் மனை விற்றார் ஒருவர் உளர். திருவொற்றியூரிற் செக்குத்தொழில் மரபில் வந்த கலியநாயனார், செல்வம் சுருங்கியபின் கூலிக்கு உழைத்துத் திருவிளக்கு எரித்தார். கூலியும் கிடையாதொழிந்தபோது தம் மனையை விற்று அப்பொருளால் எண்ணெய் வாங்கினார். அதுவும் தீர்ந்தபின் அவர் துணிந்தவை உலகறிந்தவை. ஈண்டுக் கருதற்பாலது யாதெனின், அவர் மனையை விற்றார், விலை பெற்றார் என்பதே. விலை கேட்டமையால் அவர் தொண்டு குறைபட்டிலது. விலை இன்றேல் விளக்கு இல்லை. பங்கு விற்பான் ஒருவனுக்கும் அவ்விலை மகள் மணமாகலாம், மருந்தாகலாம், பழங்கடன் தீர்த்தலாகலாம். அவன் கேட்கும் பொருள் எதற்கென்று அறியாமல் பற்றுடையான் என்று அவனை இகழ்தல் எளிது.

அங்ஙனமாயின் உறவினனுக்குச் சிறப்பாக உரியது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதனை நாட்டுச் சட்டமும் ஒப்புகின்றது. உயில் எழுதாது இறந்தான் பொருள் முதல் வகுப்பு வாரிசுகள் பலர்க்குச் சென்றவழி, அவருள் ஒருவர் தம் பங்கைக் கைமாற்ற விரும்பின் ஏனையோர்க்கே முதலிற் பெறும் உரிமை உண்டென்று 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகின்றது. விலையில் இசைவு இல்லையேல் நீதிமன்றம் அதனை வரையறுக்கும். வாங்க விரும்புவார் ஒருவர்க்கு மேற்பட்டவராயின் மிக்க விலை தருவார்க்கே முதன்மை. யாழ்ப்பாணத் தமிழர்க்குரிய தேசவழமையும் இத்தகையதே. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707ஆம் ஆண்டை ஒட்டி எழுத்தில் தொகுக்கப்பட்ட அவ்வழக்கில் விற்பனைக்கு முன் உறவினர்க்கு அறிவித்தல் வேண்டப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுரிமையாளர்க்கும் விற்பானுடைய வாரிசாக வரத்தக்கார்க்கும் என வரைந்தது. இவ்விரண்டினும் உறவினனுக்குக் கிடைப்பது முன்னுரிமை, குறைவிலையுரிமை அன்று. முதலிற் கேட்கப்படும் உரிமை அவனுக்கு உண்டு. குறைத்துக் கேட்கும் உரிமை உறவினால் வருவதில்லை. இவ்வேறுபாட்டை மறந்தமையே பல மனைகளில் மூண்ட பகைக்கு வித்து.

சட்டம் குடிக்குத் தந்த காவலைச் சிலர் வாளாக்கிக் கொள்ளுதல் இன்னும் கொடிது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு மனையில் ஒரு பங்கை வாங்கிய அயலான் ஏனைப் பங்கினரோடு கூடியிருந்து அம்மனையை அனுபவிக்கும் உரிமை பெறான். அவன் பாகம் கேட்டு வழக்கிடின், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவினால், குடும்பத்தார் மதிப்பிட்ட விலை கொடுத்து அப்பங்கைத் தாமே மீட்டுக்கொள்ளலாம். பெண்டிரும் குழந்தைகளும் வாழும் மனையுள் அறியாதான் ஒருவன் புகுந்து அடுப்பு மூட்டுதலைத் தடுத்தற்கு அமைந்த நல்விதிகள் இவை. ஆயின் இவற்றின் விளைவாக, பிரியாப் பங்கை அயலார் வாங்க அஞ்சுவர். வாங்கினும் மிகக் குறைத்தே கேட்பர். இதனை அறிந்த உடன்பிறந்தான், “உன் பங்கை என்னையன்றி யார் வாங்குவார்?” என்று கூறி, அயலான் தரும் அச்சவிலையையே தானும் தர முற்படுகின்றான். அயலானுக்கு உள்ள தடை அவனுக்கு இல்லை. அவன் கையிற் சேர்ந்த அளவில் அப்பங்கு முழுமதிப்புப் பெறுகின்றது. தனக்கு முழுமதிப்பாவதைத் தம்பிக்குக் கால்மதிப்பாகக் காட்டுதல், படியை மாற்றி அளக்கும் வணிகன் செயலின் வேறன்று. திருவள்ளுவனார் நடுவுநிலைமையைக் கூறும் அதிகாரத்துள்ளே வணிகத்திற்கும் ஒரு பாட்டு வைத்தமை சிந்திக்கத்தக்கது.

விற்பான் பக்கத்தும் இதற்கு எதிரான குற்றம் ஒன்று உண்டு. அண்ணன் நாற்பதாண்டு அம்மனையில் வாழ்ந்தவன். அவன் மனைவி கோலமிட்ட வாயில் அது. முதுமையில் அதை விட்டு வேறிடம் போக அவனுக்கு மனமில்லை. இதனை உணர்ந்த தம்பி, ஊரில் நூறு பெறும் பங்கிற்கு நூற்றைம்பது கேட்கின்றான். அவன் ஈண்டு விற்பது பங்கை மட்டுமன்று. அண்ணன் மனத்திலுள்ள பற்றையும் சேர்த்து விற்கின்றான். பற்று பாசமாயினும் அது அவனுடையதன்றே!

ஆகவே, இருவரும் அறியாத மூன்றாமவர் ஒருவர் மனை முழுவதையும் மதிப்பிட, அதனைப் பங்கினால் வகுத்து வருவதே விலை. பதிவு அலுவலகத்தின் வழிகாட்டி மதிப்பு தீர்வைக்கு உரியதேயன்றி விலைக்கு உரைகல் ஆகாது. இதன்மேற் கழித்தலும் கூட்டலும் சில உள. கூரை மாற்றியதும் சுவர் எழுப்பியதும் வீட்டுவரி கட்டியதும் ஒருவனே ஆயின், ஏனையோர் பங்களவு அச்செலவு கணக்கில் ஏறுதல் நேர்மை. அவன் வாடகையின்றி வாழ்ந்த காலமும் உடன் எண்ணப்படுதல் நேர்மையே. தாய்தந்தையரைப் பேணியது எக்கணக்கில் ஏறும் என்பதே பலரும் தடுமாறும் இடம். அதனை விலையிற் கழிக்கக் கேட்பின் தொண்டு கூலியாகிவிடும். அவன் கேளாதிருக்க, ஏனையோர் தாமே முன்வந்து கொடாராயின் அது நன்றி கொன்ற செயலாகிவிடும். இதிற் கணக்கன் செய்தற்குரியது ஒன்றுமில்லை; செய்தற்கு உரியார் தொலைவில் இருந்த உடன்பிறந்தாரே.

இனி, உறவின்பொருட்டு விலை குறைக்கலாகாதோ எனின், தாராளமாகக் குறைக்கலாம். அங்ஙனம் குறைத்தது கொடை என்று இருவரும் அறிதல் வேண்டும். அறுபது இலட்சம் பெறும் மனையில் மூன்றிலொரு பங்குடையான் தன் தமையனுக்குப் பதினைந்து இலட்சத்திற்கு விற்கின்றான் என்க. இருபது விலை, அதிற் பதினைந்து வந்தது, ஐந்து கொடை. இதனை வெளிப்படக் கூறாது ‘உறவு விலை’ என்று ஒரு பெயரால் மூடிவிட்டால், கொடுத்தவன் தன் மனத்துள் ஐந்தைக் கொடுத்தேன் என்று ஆண்டாண்டும் எண்ணிக் கொண்டிருப்பான். வாங்கியவன் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன், கடன்பட்டிலேன் என்று நிமிர்ந்திருப்பான். பின்னொருநாள் ஒரு மங்கல நிகழ்ச்சியில் அழைப்புச் சற்றே தாழ்ந்துவிட, மூடியிருந்த ஐந்தும் வெளிவரும். இருவரும் தத்தம் அளவில் மெய்யே கூறுவராதலின் அப்பகைக்கு முடிவு காண்டல் அரிது. வெளிப்படக் கொடுத்திருப்பின் வாங்கியவன் வணங்கிப் பெற்றிருப்பான். அல்லது, கொடை வேண்டேன் என்று முழுவிலை தந்திருப்பான். அவ்விரண்டனுள் ஒன்றைத் தேரும் உரிமையை அவனுக்கு மறுத்துவிட்டுச் செய்த கொடை, கொடுத்தான் மாட்டும் கொண்டான் மாட்டும் ஆணவத்தையே வளர்க்கும்.

இக்கலப்பினும் தீயது பத்திரத்தில் எழுதும் பொய். குடும்பத்தாரிடை எழுதும் விடுதலைப் பத்திரத்திற்கும் தானப் பத்திரத்திற்கும் முத்திரைத் தீர்வை குறைவாதல்பற்றி, கிரயப் பொருளை மறைவிற் பெற்றுக்கொண்டு, அன்பின் பேரில் யாதொரு பிரதிப்பிரயோசனமும் இன்றிக் கொடுத்ததாக எழுதுவார் உளர். அரசனுக்குரிய இறையை மறைத்தல் ஒரு குற்றம். அதனினும் ஆழ்ந்த குற்றம், அன்பு என்னும் சொல்லை விலைக்கு முகமூடியாக்கியது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் இறைவனே முதிய வேதியராய் வந்து நின்றபோது தம்முடைய அருளை மட்டும் காட்டி ஆரூரரை ஆட்கொண்டிலர். ஆவணம் காட்டினார், முதலிற் காட்டிய படியோலை கிழிபட மூலவோலையை எடுத்தார், சபையார் பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையொடு ஒப்பிட்டுத் தேர்ந்தபின்னரே வழக்கு முடிந்தது. அருளே உருவாயவன் எழுத்தின் மெய்ம்மையை அத்துணை மதித்தானாயின், அவனடியார் என்பார் பொய்யெழுத்திற் கையொப்பமிடுதல் யாங்ஙனம் தகும்? உறவினரிடை எழுத்தெதற்கு என்பாரும் இதனை நினைக்க. நகரத்தார் தம் மக்கள் திருமணத்திலேயே இசைகுடிமானம் எழுதுகின்றனர். அதனால் அம்மணத்தில் அன்பு குறைந்ததாக யாரும் கூறிற்றிலர்.

கொடையென்று எழுதப்பட்டும் கொடையாகாத பத்திரங்களுள் மிகப் பலவாயின உடன்பிறந்த மகளிர் எழுதிக்கொடுப்பன. பழைய இந்து தருமசாத்திர வழக்கில் மகன்மாரோடு ஒப்பப் பிறப்புரிமை மகளிர்க்கு இல்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் பொருளில் மகளையும் வாரிசாக்கிற்று. ஆயினும் குடியிருப்பு மனையில் ஆண்மக்கள் பிரித்துக்கொள்ள இசையும்வரை மகள் பாகம் கேட்கலாகாது என்று அதன் 23ஆம் பிரிவு தடுத்தது. தமிழ்நாடு 1989ஆம் ஆண்டில் அந்நாள்வரை மணமாகாத மகளிரைப் பிறப்புரிமைப் பங்கினராக்கிற்று. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நாடெங்கும் மகளிர்க்கு அவ்வுரிமை தந்து 23ஆம் பிரிவையும் நீக்கியது. அவ்வாண்டில் தந்தை உயிரோடிருந்திலராயினும் அவ்வுரிமை உண்டென உச்சநீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. இத்துணை ஆண்டு கழித்து எழுத்தில் வந்த உரிமை பதிவு அலுவலக வாயிலில் ஒரு பட்டுப்புடவைக்கும் சிறுதொகைக்கும் கைமாறுகின்றது. மணம் முடித்து வைத்தோம், சீர் செய்தோம், இனியும் பங்கு கேட்பையோ என்னும் வினாவிற்கு அவள் விடை கூறுவதில்லை. மறுத்தாற் பிறந்தகத்து வாயில் அடைபடும் என்பதும், தன் மக்கட்குத் தாய்மாமன் இல்லையாய்விடுவான் என்பதும் அவள் அறிந்தவை.

அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாள் என்று சகோதரர் ஊரார்க்குக் கூறுவர். மறுக்கக்கூடாத இடத்து உவத்தல் என்பது ஒன்று உண்டோ? மறுத்திருப்பினும் அடுத்த பொங்கலுக்கு அதே சீர் அதே அன்போடு சென்றிருக்கும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாளாயின், அவள் விட்டது கொடை. அந்நம்பிக்கை அவட்கு இல்லையாயின் அவள் செலுத்தியது உறவு என்னும் வாயிலுக்குச் சுங்கம். சுங்கம் கொண்டான் கொடை பெற்றேன் என்று கூறி அம்மனையிற் சிவபூசை செய்கின்றான். அப்பூசையை இறைவன் ஏற்பானோ மாட்டானோ என்று தீர்ப்பளித்தல் மக்கட்கு உரியதன்று. எனினும் அவ்வையத்தோடு ஒருவன் நாள்தோறும் மலரெடுக்க வேண்டியதில்லை. தங்கையின் பங்கை மதிப்பிட்டு அத்தொகையை அவள் முன் வைத்து, எடுத்துக்கொள்க என்று கூறி நிற்பானாயின் ஐயம் நீங்கும். அவள் எடுத்தால் அது விலை. எடுக்காது சிறிது எடுத்து எஞ்சியதைத் தமையன் மக்கட்கு என்று விட்டாளாயின், அது முழுமையான கொடை. பல சகோதரர் இதற்கு அஞ்சுவது அவள் எடுத்துக்கொள்வாள் என்பதனாலேயே.

கைமாறிய பின்னும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. பங்கை விற்றவனுக்கு அம்மனையில் விலைக்கு அடங்காத தொடர்பு நிற்கின்றது. முன்னோர்க்குப் படைக்கும் அறை அங்கே. தந்தை வழிபட்ட பூசைப்பெட்டி அங்கே. குடியினர் ஒருங்கு கூடும் படைப்பு நாளில் அவன் நிற்கவேண்டிய இடமும் அங்கே. கிரயப் பத்திரம் எழுதுவோர் மரத்தையும் கிணற்றையும் நடைபாதையையும் நாற்புற எல்லையோடு தவறாது குறிப்பர், இதனைக் குறிப்பதில்லை. விற்றவன் மறுவாண்டு படைப்பிற்கு வருங்கால், அழைத்தால் வருவதா அழையாமலே வருவதா என்று வாயிலில் தயங்குகின்றான். வாங்கியவன் மனைவி அவனை விருந்தினனாக நடத்துவதா வீட்டானாக நடத்துவதா என்று அடுக்களையில் தயங்குகின்றாள். பூசைப்பெட்டி யார்பால் இருக்கும், படைப்பு எந்நாளில் நிகழும், அந்நாளில் விற்றவனும் அவன் வழியினரும் அழைப்பின்றியே வந்து விளக்கேற்றும் உரிமையுடையர் என்னும் மூன்றனையும், பணத்தொகை எழுதிய அதே தாளில், இருவரும் கையொப்பமிடுதற்கு முன் எழுதிவிடுதல் கூடும். அதற்கு முத்திரைத் தீர்வை ஏதும் மிகுவதில்லை.